பார்க்கும் கண்ணுக்கும் அறம் உண்டு
(மண்ணூர்பேட்டை விழா அவையில் நிகழ்த்திய உரை)



போர்க்களத்தை முதன்முதலில் படம்பிடித்தோர் போரைப் படம்பிடிக்கவில்லை. போர் விட்டுச் சென்றதையே படம்பிடித்தனர். அக்காலக் கருவியில் ஒரு காட்சி பதிவதற்குச் சில நொடிகள் வேண்டும். ஓடும் குதிரை அதில் பதியாது. அசையாத பிணம் பதியும். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 செப்டம்பர் 17 அன்று, ஆன்டீட்டம் களத்தில் ஒரே நாளில் இறந்தோர், காயமுற்றோர், காணாமற்போனோர் என ஏறத்தாழ 23,000 பேர் வீழ்ந்தனர். அங்கு அலெக்சாண்டர் கார்ட்னர் எடுத்த படங்கள் அடுத்த மாதமே நியூயார்க்கில் காட்சிக்கு வைக்கப்பெற்றன. மறு ஆண்டு கெட்டிஸ்பர்க் களத்தில் அவர்தம் குழுவினர், இறந்த வீரன் ஒருவனின் உடலைத் தூக்கிச் சென்று பாறை மறைவில் கிடத்திப் படமெடுத்தனர். இது வெளிப்பட ஏறத்தாழ நூறாண்டாயிற்று. சாவு மெய், காட்சி புனைவு. எனவே, படத்தைப் பார்ப்பவர்க்கு முதற்கடன் ஆராய்தல்.

இனி, நம் அண்டை நாட்டுக்கு வருவோம். இலங்கையில் 1983இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. இறுதிக் கட்டத்தில் சுதந்திரமான செய்தியாளர்க்கு அங்கே இடமில்லை. ஆதலின் படங்கள் இருவகைக் கைகளிலிருந்து வந்தன. குண்டுமழைக்கு நடுவே நின்றோர் சான்றாக எடுத்தவை ஒருவகை. வென்ற படையினர் சிலர் தம் கைப்பேசியில் வெற்றிச் சின்னமாக எடுத்தவை மற்றொரு வகை. இவ்விரண்டையும் தொகுத்துச் சேனல் 4 தொலைக்காட்சி 2011 ஜூனில் ஆவணப்படமாக ஒளிபரப்பியது. கைதிகளைச் சுட்டுக் கொல்லும் காட்சியைப் போலி என்றது இலங்கை அரசு. வல்லுநரைக் கொண்டு ஆராய்ந்த ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் கிறிஸ்டோஃப் ஹெய்ன்ஸ் அது மெய் என்றார். களிப்புக்காக எடுத்த படமே எடுத்தவர்க்கு எதிரான சான்றாயிற்று.

கொல்லுதல், கொல்வித்தல், கொலைக்கு மனத்தால் உடன்படுதல் ஆகிய மூன்றும் வினையே என்பது சமணநெறி. பிணத்தைக் களிப்போடு படமெடுத்தவன் செய்தது மூன்றாவது வினை. மாற்றார் பிணத்தைக் கண்டு, 'வேண்டும் இவனுக்கு' என்று மகிழ்ந்து பிறர்க்கு அனுப்புவோரும் அதையே செய்கின்றனர். மண்ணூர்பேட்டைப் பேருந்து நிறுத்தத்தில் நிற்போர் கையிலும் இன்று கைப்பேசி இருக்கிறது. வினை செய்யக் களம் புக வேண்டியதில்லை. விரல் அசைந்தாலே போதும்.

வேறொரு வகைப் படமும் உண்டு. 2017 பிப்ரவரி முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும், காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் சாலையோரம் அமர்ந்து போராடத் தொடங்கினர். அவர்கள் ஏந்தியவற்றில் குருதி இல்லை, பிணம் இல்லை. அடையாள அட்டைக்கு எடுத்த முகம், திருமண நாளில் எடுத்த முகம். 'என் பிள்ளை எங்கே?' என்பதே அப்படத்தின் பொருள். காத்திருந்த நிலையிலேயே பல பெற்றோர் கண்மூடினர்.

களத்தில் கிடக்கும் எவ்வுடலும், எத்தரப்பினதாயினும், ஒரு தாயின் மடியில் இத்தகைய முகமாக இருந்ததே. போர்ப்படம் நம் கைக்கு வரும்போது அம்முகத்தை நினைந்து பார்ப்போமாக. மெய்யா என ஆராய்வோமாக. பகைக்கு விறகாக அதனை அனுப்பாதிருப்போமாக.