உறங்கா இரவுகள்



இரவு 11 மணிக்கு மேல் திருவல்லிக்கேணியில் பெரிய தெருவையும் அதை ஒட்டிய சந்துகளையும் சுற்றி வருபவர் ஒன்றைக் கவனிக்கலாம். 'மேன்ஷன்' என்று நாம் வழங்கும் விடுதிகளின் சாளரங்கள் பலவற்றில் விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வந்து கல்லூரியில் பயில்வோரும், போட்டித் தேர்வுகளுக்கு உழைப்போரும் அங்கே தங்கியிருக்கின்றனர். அவ்விளக்குகள் யாவும் படிப்புக்காக எரிவன அல்ல. படித்து முடித்துப் படுத்து, உறக்கம் வராமல் புரண்டு, மீண்டும் எழுந்து விளக்கைப் போட்டவர்களும் அவர்களுள் உண்டு. இவ்வூரில் நெடுங்காலமாக வாழும் நான் அத்தகைய இளைஞர் பலரிடம் பேசியிருக்கிறேன். அவர்களை மனத்தில் கொண்டே இன்று பேசுகின்றேன்.

உறக்கத்தைப் பற்றி மாணவரிடையே ஒரு தவறான எண்ணம் நிலவுகிறது. உறங்கும் நேரம் வீணாகும் நேரம் என்பதே அது. வள்ளுவரும் மடியின்மை என்னும் அதிகாரத்தில் துயிலைக் கேட்டுக்குரியவற்றுள் ஒன்றாக எண்ணியிருக்கிறாரே என்று சிலர் கேட்பர். அதிகாரத்தின் பெயரே அதற்கு விடை கூறுகிறது. அவர் கடிவது சோம்பலின் துணையாகிய துயிலை; உழைத்தவனுக்கு உரிய இரவு உறக்கத்தை அன்று. 1924ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர் ஒரு சோதனை செய்தனர். மாணவர் இருவரைப் பொருளற்ற சொல்லசைகளை மனப்பாடம் செய்யச் சொல்லி, சில மணி நேரம் கழித்து அவற்றைத் திரும்பக் கேட்டனர். இடையில் விழித்திருந்தபோது மறந்தவற்றைவிட, இடையில் உறங்கியபோது மறந்தவை மிகக் குறைவு. அதற்குப் பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் கற்றது மனத்தில் ஊன்றுவதற்கு உறக்கம் துணைபுரிகிறது என்பதை வலியுறுத்துகின்றன. ஆதலால் உறக்கமும் படிப்பின் ஒரு பகுதியே. 18 வயது வரையுள்ள இளைஞருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரமும், அதற்கு மேற்பட்டோருக்குக் குறைந்தது 7 மணி நேரமும் உறக்கம் வேண்டும் என்பது மருத்துவர் கருத்து.

உறக்கம் எவ்வாறு வருகிறது? அதைக் கொண்டுவருபவை இரண்டு. ஒன்று, விழித்திருக்கும் நேரத்தில் சிறிது சிறிதாகச் சேரும் உறக்கத் தேவை. நாம் விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்னும் பொருள் பெருகுகிறது. அது பெருகப் பெருகக் கண் சொக்குகிறது. காப்பியிலுள்ள காஃபீன் இந்த அடினோசினின் வேலையைத் தடுத்துவிடுகிறது. அருந்திய காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்திய காப்பியில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருந்து விழித்திருக்கச் சொன்னால், பழியை உறக்கத்தின் மீது போடலாமா? பிற்பகலுக்குப் பின் காப்பியையும் தேநீரையும் நிறுத்திப் பாருங்கள்.

மற்றொன்று, நம் உடலுக்குள் ஓடும் கடிகாரம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் இதனை ஆராய்ந்தவர். வெளியுலகின் ஒளியும் ஒலியும் நுழையாத தனியறை ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. தாமாக முன்வந்தோர் கடிகாரமின்றி அதனுள் பல நாட்கள் தங்கினர். பகலா இரவா என்று அறியாத நிலையிலும் மனிதனுக்கு உறக்கமும் விழிப்பும் மாறி மாறி வருகின்றன என்பதை இத்தகைய சோதனைகள் காட்டின. ஆனால் பெரும்பாலோரின் உட்கடிகாரம் 24 மணி நேரத்தைச் சிறிது கடந்தே ஒரு சுற்றை முடிக்கிறது. எனவே நாள்தோறும் அதைத் திருத்தி வைக்க வேண்டும். அவ்வாறு திருத்துவது காலை ஒளி. திருவல்லிக்கேணி மாணவர் இதில் பேறு பெற்றவர். சில நிமிடங்கள் கிழக்கே நடந்தால் கடற்கரை. அங்கே கடலுக்கு மேல் கதிரவன் எழுகின்றான். இரவு எப்படிக் கழிந்திருந்தாலும் குறித்த நேரத்தில் எழுந்து அரைமணி நேரம் அந்த ஒளியில் உலாவுங்கள். படுக்கும் நேரத்தை நாம் ஆணையிட முடியாது; எழும் நேரத்தை ஆணையிட முடியும்.

இனி, படுத்தும் உறக்கம் வராதவர் நிலையைப் பார்ப்போம். 'எப்படியும் உறங்கியே தீர வேண்டும்' என்று அவர் முயல்கிறார். முயற்சி திருவினையாக்கும் என்பது மற்றெல்லாவற்றுக்கும் பொருந்தலாம், உறக்கத்துக்குப் பொருந்தாது. முயல முயல மனம் விழிப்படைகிறது. சில நாட்களில் படுக்கையைக் கண்டாலே கவலை வருகிறது. 1972ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் ரிச்சர்ட் பூட்சின் இதற்கு எளிய முறை ஒன்றைக் கூறினார். உறக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டுமே படுக்கவேண்டும். படுக்கையில் படிப்பதோ உண்பதோ கூடாது. உறக்கம் வராவிடில் எழுந்து வேறிடம் சென்று அமைதியாக அமர்ந்து, உறக்கம் வந்தபின் திரும்பவேண்டும். எழும் நேரத்தை மாற்றலாகாது, பகலில் உறங்கலாகாது. உறக்கமின்மைக்கு மருந்தைவிட இத்தகைய பயிற்சிகள் அடங்கிய சிகிச்சையையே முதலில் அளிக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது.

'எட்டடி அறையில் கட்டில்தானே எனக்கு நாற்காலியும் மேசையும்! வேறிடத்துக்கு எங்கே போவேன்?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்கு விடை நம் பாட்டிமார் வீட்டில் இருக்கிறது. அவர்கள் விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்திவிடுவார்கள். இரவு விரித்தால் அது உறங்குமிடம். சுருட்டினால் அதே இடம் உண்ணுமிடம், படிக்குமிடம். பூட்சின் சொன்ன விதியை நம் வீடுகள் பாயைக்கொண்டு நடத்திவந்தன. கட்டில் உள்ளவர்களும் விரிப்பையும் தலையணையையும் காலையில் மடித்து வைத்து, இரவில் மட்டும் விரிக்கலாம். உறக்கம் வராத வேளையில் மொட்டை மாடி இருக்கிறது. உடல் சற்றுக் குளிர்ந்தால் உறக்கம் எளிதில் வரும். கடற்காற்று அந்த உதவியைச் செய்யும். ஆனால் கைப்பேசியை உடன் கொண்டு செல்லாதீர்கள். அதன் ஒளி கண்ணுக்கும், அதன் செய்தி மனத்துக்கும் விடியற்காலையை உண்டாக்கிவிடும்.

ஓர் இரவு உறக்கம் கெட்டுவிட்டால் மறுநாள் தேர்வே பாழாயிற்று என்று அஞ்சுவோர் உண்டு. வைகுண்ட ஏகாதசி இரவில் பார்த்தசாரதி சுவாமி கோயிலைச் சுற்றி எத்தனை பேர் கண்விழிக்கின்றனர்! மறுநாட் பகலிலும் உறங்கலாகாது என்பது அவர்கள் போற்றும் மரபு. இன்றைய மருத்துவர் கூறுவதும் அதுவே. கெட்ட இரவுக்கு ஈடாகப் பகலில் உறங்காதிருந்தால், சேர்ந்த உறக்கத் தேவை அடுத்த இரவில் தானே வந்து கடனைத் தீர்த்துக்கொள்ளும். கவலை மிகுந்தவர் மாலையிலேயே தாள் ஒன்றில் தம் கவலைகளையும் மறுநாள் செய்யவேண்டியவற்றையும் எழுதி மூடிவைப்பது நலம்.

வாரத்தில் 3 இரவுகளேனும் உறக்கம் கெட்டு, அந்நிலை 3 மாதம் நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். மனச்சோர்வு மிகுந்தால் 3 மாதம் காத்திருக்கவும் வேண்டா. 2022ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். பிறர் சொல்லக் கேட்டுத் தூக்க மாத்திரையை மட்டும் வாங்கி விழுங்காதீர்கள்.

நண்பர்களே, உறக்கம் நாம் இழுத்துவரும் பொருளன்று. இடம் ஒழித்து வைத்தால் தானே வந்து அமரும் விருந்தாளி. நாளைக் காலை குறித்த நேரத்தில் எழுந்து பாயைச் சுருட்டுங்கள். நாளை இரவுக்குரிய உறக்கத்தின் ஏற்பாடு அப்போதே தொடங்கிவிடும்.