உலர்களத்தின் உடைந்த தளத்தைச் சீர் செய்வோம்

(பாகூர் கொம்யூன், செலியமேட்டில் உழவர்களிடையே ஆற்றிய உரை)



பயிரைப் பற்றிப் பேச வேண்டிய உழவியல் ஆசிரியன் சிமெண்ட் தளத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் எண்ணலாம். நெல்லின் விலை வயலில் மட்டுமல்ல, களத்திலும் முடிவாகிறது. அறுவடை இயந்திரம் வந்தபின் நெல் ஈரத்துடனேயே வீடு வந்து சேருகிறது. அரசுக் கொள்முதலுக்குப் பொதுவாக ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. விதை நெல்லுக்கு 13 சதவீதமே எல்லை. மண், கல் போன்றவை கொள்முதல் நெல்லில் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கலாகாது. உடைந்த களத்திலோ குழியில் நீர் தேங்கி நெல்லை மறுபடி நனைக்கிறது. பெயர்ந்த காரையும் மணலும் நெல்லுடன் கலக்கின்றன.

பலரும் குழியில் சிறிது கலவையைக் கொட்டிப் பூசி விடுகிறோம். அடுத்த அறுவடைக்குள் அது அப்பளம் போல் பெயர்ந்து விடுகிறது. சிமெண்ட் போதவில்லை என்பது இதற்குக் காரணமன்று. அடிமண், ஓரம், ஈரம் ஆகிய மூன்றையும் கவனியாததே காரணம்.

அடிமண்

தளம் பெரும்பாலும் மேலிருந்து உடைவதில்லை. அடியில் மண் விலகியதால் உடைகிறது. எலி வளை, கூரைத் தண்ணீர், மர வேர் யாவும் மண்ணை விலக்கும். 2024 நவம்பர் இறுதியில் பெஞ்சல் புயல் புதுவையில் ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதையும், அதனைத் தொடர்ந்து தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பகுதியில் புகுந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். இத்தகைய வெள்ளம் வடியும்போது தளத்தின் அடிமண்ணையும் அரித்துச் செல்லும்.

உடைந்த இடத்தைச் சுற்றிச் சுத்தியால் தட்டிப் பாருங்கள். பொள்ளல் ஓசை கேட்கும் வரை பெயர்த்தெடுங்கள். சேற்று மண்ணை அகற்றி, கிராவல் இட்டு, நீர் தெளித்து, படிப்படியாகத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்துங்கள்.

ஓரம்

ஓரத்தை உளியால் செங்குத்தாக வெட்டுங்கள். ஓரத்தில் மெலிந்து வரும் ஒட்டு நிற்காது. பழைய தளத்தின் கனம் முழுவதும் புதிய கான்கிரீட்டுக்கும் வேண்டும். தூசியைக் கழுவி, முதல் நாள் இரவே ஓரத்தை நனைத்து வையுங்கள். மறுநாள் தேங்கிய நீரைத் துடைத்து விட்டு, சிமெண்ட் பாலை ஓரத்தில் பூசி, அது காயுமுன் கான்கிரீட்டைப் போடுங்கள்.

கலவை

ஒரு பங்கு சிமெண்ட், இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு 20 மி.மீ. ஜல்லி என்பது போதுமானது. ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், 10 செ.மீ. கனத்துக்குச் சுமார் 32 கிலோ சிமெண்ட், 45 லிட்டர் மணல், 90 லிட்டர் ஜல்லி, 16 லிட்டர் தண்ணீர் தேவை. மணல் ஈரமாயிருந்தால் தண்ணீரைக் குறையுங்கள். வேலை எளிதாகட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் தளத்தின் வலு குறையும். கடற்கரை மணலும் உப்பு நீரும் ஆகா. கலவையை நன்கு குத்தி, மட்டப்பலகையால் பழைய தளத்துடன் சமமாக இழுத்து, மரக்கட்டையால் தேய்த்து விடுங்கள். ஈரச் சிமெண்ட் தோலைப் புண்ணாக்கும். கைகால்களை உடனே கழுவுங்கள்.

ஈரம்

சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீருடன் வினை புரிந்தே இறுகுகிறது. எனவே மறுநாள் முதல், ஒட்டைச் சுற்றிக் களிமண் வரப்புக் கட்டி, நாற்றங்காலைப் போல் நீர் நிறுத்துங்கள். ஈரச் சாக்கும் போதும். பத்து நாள் விடாமல் ஈரம் இருக்க வேண்டும். அதுவரை மாடுகளை விட வேண்டாம். டிராக்டர் ஏற 28 நாள் பொறுங்கள். தை அறுவடைக்குக் களம் வேண்டுமெனில் மார்கழித் தொடக்கத்திலேயே வேலையை முடித்தாக வேண்டும். அந்நாளில் மழை வந்தால் மூடத் தார்ப்பாய் தயாராக இருக்கட்டும்.

இம்முறை வீட்டுத் தாழ்வாரத்துக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் பொருந்தும். தொழுவத்தில் மட்டும் வழுக்காதபடி மேற்பரப்பைச் சொரசொரப்பாக விடுங்கள். கம்பி கட்டிய மாடித் தளத்துக்கு இது பொருந்தாது. அதற்குப் பொறியாளரைக் கலந்து செய்வதே நலம்.

ஒரு குழியை ஒழுங்காக அடைக்க இரண்டு நாள் உழைப்பும் பத்து நாள் தண்ணீரும் போதும். அறுவடைக்கு முன்பே இதனைச் செய்து, விளைந்த நெல்லுக்கு உரிய விலையைப் பெறுமாறு கேட்டுக் கொள்கிறேன்.