பத்துக்கு ஒரு குறி
(தொடக்கக் கணிதக் கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை, டோட்முண்ட்)



 இந்த அவைக்குத் தலைமை தாங்குமாறு வந்த அழைப்பைப் படித்தபோது மகிழ்ச்சியோடு தயக்கமும் வந்தது. இங்கே கணிதக் கல்வியைத் துறையாகக் கற்றவர்கள் இருக்கிறீர்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் முன் நாள்தோறும் நிற்பவர்களும் இருக்கிறீர்கள். நான் பழைய கணக்குச் சுவடிகளைப் படிப்பவன். சனிக்கிழமைகளில் சிறுவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுப்பவன். அதிலும் நாம் கூடியிருப்பது டோட்முண்டில். எரிக் விட்மனும் கெர்ஹார்ட் முல்லரும் 1987இல் ‘மாத்தே 2000’ திட்டத்தைத் தொடங்கி, யேர்மனியின் தொடக்கப் பள்ளிக் கணக்கைப் புதிதாக யோசித்த ஊர் இது. இங்கே நின்று இடமதிப்பைப் பற்றிப் பேசுவது பொறுப்பான காரியம் என்பதை உணர்ந்தே பேசுகிறேன்.

‘புலம்பெயர் சூழலில் தொடக்கக் கணிதம்’ என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. அதன் அகலத்தை இரண்டு நாள் கட்டுரைகள் காட்டும். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ இயக்கம் பற்றி நாளை காலை ஓர் அமர்வே இருக்கிறது. விரல்விட்டு எண்ணியே கூட்டும் பழக்கத்திலிருந்து பிள்ளையை எப்படி விடுவிப்பது, ஐந்தை ஒரே பார்வையில் பிடிக்க எப்படிப் பழக்குவது என்பவற்றை என்னைவிட நன்றாகப் பேசக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எனவே அவற்றை அவர்களிடம் விட்டுவிட்டு, நெடுநாளாக என் மனத்தில் இருக்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ள உங்கள் அனுமதியைக் கேட்கிறேன்.

24 என்ற எண்ணை யேர்மன் மொழி ‘ஃபியர் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்’ என்கிறது. நான்கு முன்னே வருகிறது, இருபது பின்னே வருகிறது. கேட்டபடியே எழுதும் பிள்ளை 42 என்று எழுதிவிடுகிறது. இது இந்த அவைக்குப் பழைய செய்தி. சூபர், பிக்ஸ்னர், மோல்லர், நூர்க் ஆகியோர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், யேர்மன் மொழி பேசும் ஒஸ்திரியப் பிள்ளைகள் முதலாம் வகுப்பில் எண்களை எழுதும்போது செய்த பிழைகளில் ஏறத்தாழப் பாதி இந்தத் தலைகீழ் வரிசையோடு தொடர்புடையவை. செக் மொழியில் இரண்டு வகையாகவும் எண் சொல்லலாம். அங்கே ஒரே பிள்ளைகளிடம் இரண்டு முறைகளையும் சோதித்த ஆய்வு 2011இல் வந்தது. ஒன்றை முன்னே சொல்லும் முறையில்தான் இடம் மாறும் பிழை மிகுந்திருந்தது. ஆகவே பிள்ளையின் அறிவைக் குறை சொல்ல இடமே இல்லை.

சொல்லும் முறையையே மாற்றிவிடலாம் என்று வாதிட்டவர் போஹும் நகரப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் லோத்தார் கெரிட்ஸன். ‘இருபத்தொன்று’ என்று பொருள்படும் ‘ட்ஸ்வான்ட்ஸிஷ்-ஐன்ஸ்’ என்பதையே பெயராகக் கொண்ட சங்கம் 2004இல் அவர் முயற்சியால் உருவானது. நோர்வே 1951இல் அதிகாரபூர்வமாக இதைச் செய்தது. என்றாலும் பழைய முறை வீட்டுப் பேச்சில் நெடுங்காலம் நின்றது. கெரிட்ஸன் அவர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நாடு தன் நாக்கை மாற்றிக்கொள்ளும்வரை இன்றைய முதலாம் வகுப்புப் பிள்ளை காத்திருக்க முடியாது.

நம் பிள்ளைக்கோ இன்னொரு நாக்கு இருக்கிறது. வீட்டில் அம்மா ‘இருவத்திநாலு’ என்கிறார். பத்து முன்னே, ஒன்று பின்னே. எழுதும் வரிசையும் அதுவே. பதினொன்று முதல் பத்தொன்பது வரைகூட நம் மொழி இந்த ஒழுங்கை விடுவதில்லை. இவ்வளவு பெரிய துணை வீட்டிலேயே இருக்க, நம் வார இறுதி வகுப்புகள் பலவற்றில் எண்ணிக்கை இருபதோடு நின்றுவிடுகிறது. ‘கணக்கை யேர்மன் பள்ளி பார்த்துக்கொள்ளும், இரண்டு மொழியில் எண்ணினால் பிள்ளை குழம்பிவிடும்’ என்று சொல்லப்படுகிறது. முந்தைய கருத்தரங்கு ஒன்றில் இதே கருத்தை ஒரு மூத்த நண்பர் வலியுறுத்தினார். அவர் மேல் எனக்குள்ள மதிப்புக் குறையவில்லை. அவர் கருத்தை ஏற்கவும் என்னால் இயலவில்லை. பிள்ளை குழம்புவது 24க்கும் 42க்கும் இடையில். அந்தக் குழப்பம் ஒரே மொழியில் எண்ணும் யேர்மன் பிள்ளைக்கும் இருக்கிறது. அதைத் தெளிவிக்கும் வரிசை தமிழில் இருக்கும்போது அதை ஏன் அலமாரியில் பூட்ட வேண்டும்?

தமிழ் எண்ணுப்பெயர்கள் முற்றிலும் ஒழுங்கானவை என்று நான் சொல்ல வரவில்லை. தொண்ணூறு என்பதில் நூறு ஒலிக்கிறது. தொள்ளாயிரம் என்பதில் ஆயிரம் ஒலிக்கிறது. ‘தொண்ணூற்றைந்து’ என்று கேட்டு 105 என்று எழுதும் பிள்ளையை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் இது ஒன்பதுக்கு மட்டும் உரிய சிக்கல். தனியாக எடுத்துச் சொல்லித் தீர்க்கக்கூடியது.

இப்போது என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். நம் வகுப்புகளில் தமிழ் எண்களுக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. ௧, ௨, ௩ என்று ௯ வரை எழுதிப் பழகி, ௦ சேர்த்து, பிறகு 24ஐ ௨௪ என்று எழுதச் சொல்கிறோம். பிள்ளை அழகாக வரைகிறது. ஆனால் கணக்கில் அது கற்றுக்கொள்வது எதுவுமில்லை. 24இன் உருவத்தை மட்டும் மாற்றியிருக்கிறோம். நம் முன்னோர் அப்படி எழுதவில்லை. அவர்கள் எழுதியது ௨௰௪. முன்னூற்று நாற்பத்தைந்து என்றால் ௩௱௪௰௫. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனித்தனிக் குறிகள் இருந்தன, சுழியம் தேவைப்படவில்லை. ௨௪ போன்ற எழுத்துமுறை அச்சுக் காலத்தில் பரவியது. யூனிகோடு தரத்தில்கூட ௰, ௱, ௲ மூன்றும் தொடக்கத்திலிருந்தே இருந்தன. தமிழ்ச் சுழியம் 2005இல் 4.1ஆம் பதிப்பில்தான் சேர்ந்தது.

இதைச் சொன்னால் நம்மவர் சிலருக்கு வருத்தம் வருகிறது. இடமதிப்பும் சுழியமும் தமிழ் எழுத்தில் முதலிலேயே இருந்தன என்று காட்ட விரும்பும் நண்பர்கள் உண்டு. அவர்கள் தமிழ்ப்பற்றை நான் வணங்குகிறேன். ஆனால் சுவடிகளும் கல்வெட்டுகளும் பெரும்பாலும் ௰, ௱, ௲ குறிகளோடுதான் பேசுகின்றன. இடமதிப்பு இல்லாத எழுத்துமுறை என்பதற்காக நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை. சொல்லப்போனால், அந்தக் காரணத்தாலேயே அது இன்றைய பிள்ளைக்குப் பயன்படுகிறது.

பிள்ளையின் பிழைகளைப் பாருங்கள். ‘முன்னூற்று ஐந்து’ என்றால் 3005 என்று எழுதுகிறது. 300ஐ எழுதிப் பக்கத்தில் 5ஐ வைக்கிறது. இந்தப் பிழை பல மொழிப் பிள்ளைகளிடமும் உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் எழுத்து வேண்டும் என்று பிள்ளை நினைக்கிறது. அந்த நினைப்பை அப்படியே ஏற்கும் எழுத்துமுறை ஒன்று தமிழில் இருந்திருக்கிறது. 3௱5 என்று எழுதிவிட்டால் பிள்ளை கேட்டதும் எழுதியதும் ஒன்றே. பள்ளியில் பழகிய இலக்கங்களையே வைத்துக்கொள்வோம். ௰, ௱ என்ற இரண்டு குறிகளை மட்டும் கடன் வாங்குவோம். 24 என்பது 2௰4. 345 என்பது 3௱4௰5. சில வாரங்கள் இப்படி எழுதட்டும். பிறகு குறிகளை அழிக்கச் சொல்லுங்கள். 3௱4௰5 அழகாக 345 ஆகிவிடும். 3௱5இல் குறியை அழித்தால் 35 ஆகிறது. பிள்ளை நிமிர்ந்து பார்க்கும். முன்னூற்றைந்து எங்கே போயிற்று? சுழியம் பிறக்க வேண்டிய இடம் அது. குறியை எடுத்துவிட்டதால், பத்துகள் இல்லை என்பதை வேறெதையாவது வைத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘பத்தாம் இடத்தில் எதுவும் இல்லை, ஆகவே 0 போடு’ என்று நாம் ஆணையிடுவதற்குப் பதிலாக, பிள்ளையே 0ஐக் கேட்டு வாங்குகிறது.

யேர்மன் தலைகீழ் வரிசைக்கும் இதுவே வழி. ‘ஃபியர் உண்ட் ட்ஸ்வான்ட்ஸிஷ்’ என்று கேட்ட பிள்ளை ஒரு சீட்டில் 4 என்றும் இன்னொரு சீட்டில் 2௰ என்றும் எழுதட்டும். தமிழில் கேட்ட பிள்ளை முதலில் 2௰, பிறகு 4 எழுதட்டும். சீட்டுகளை எந்த வரிசையில் வைத்தாலும் தொகை ஒன்றுதான். மதிப்பைக் குறியே சுமக்கிறது. இரண்டு மொழியும் சரி, இரண்டு பிள்ளையும் சரி. குறியை அழிக்கும்போதுதான் வரிசை முக்கியமாகிறது. பெரியது இடப்பக்கம் என்ற உடன்பாடு அப்போது தேவைப்படுகிறது. ஒன்றை முதலில் எழுதிவிட்டு அதன் இடப்பக்கம் பத்தை எழுதும் பழக்கத்தை ஒழிக்க யேர்மன் ஆசிரியர்கள் படும் பாடு நமக்குத் தெரியும். அந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்கே புரியவைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

இந்த மண்ணிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. கணக்காசிரியர் ஆடம் ரீஸ் 1518இல் கோட்டுக் கணக்கைப் பற்றித் தம் முதல் நூலை எழுதினார். 1522இல் வந்த இரண்டாவது நூலில் கோட்டையும் எழுதுகோலையும், அதாவது இலக்கக் கணக்கையும், சேர்த்தார். பலகையில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று கோடுகள்; இடைவெளிகளில் ஐந்து, ஐம்பது, ஐந்நூறு; அவற்றின் மேல் காசுகள். இளையோருக்குக் கற்பித்த அனுபவத்தில், கோட்டில் தொடங்குகிறவர்களே இலக்கத்தில் தொடங்குகிறவர்களைவிடத் தேர்ச்சியும் விரைவும் பெறுகிறார்கள் என்று அவர் எழுதிவைத்திருக்கிறார். ரீஸை இலக்கக் கணக்கின் தந்தையாகக் கொண்டாடுவோர் இந்த வரியைக் கடந்துபோய்விடுகிறார்கள். கோட்டுப் பலகையில் முன்னூற்றைந்துக்குப் பத்தின் கோடு வெறுமையாகக் கிடக்கும்; சுழியம் வேண்டாம். ரீஸுக்குக் கோடு செய்த வேலையை நம் ஓலையில் ௰ செய்தது.

இங்கே, திண்ணைப் பள்ளியின் வாய்பாட்டு நூலான எண்சுவடியைப் பற்றியும் ஒரு சொல். திண்ணைப் பள்ளியில் வெறும் மனப்பாடம்தான் நடந்தது என்று இந்தக் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். செந்தில் பாபு 2022இல் வெளியிட்ட ‘மாத்தமாட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி’ நூலுக்குப் பிறகும் அப்படிச் சொல்வது பொருந்தாது. நினைவில் கொள்வதையே கற்கும் முறையாகக் கொண்ட ஒரு கல்வி அது என்று அவர் காட்டியிருக்கிறார். எண்சுவடியின் நெல் அளவைப் பகுதியான நெல்லிலக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். கட்டுகளின் அளவு மாறிக்கொண்டே போகிறது. பலவற்றைச் சேர்த்து ஒன்றாக எண்ணுவது, அந்த ஒன்றுக்கு ஒரு பெயரும் குறியும் கொடுப்பது: இடமதிப்பின் அடிப்படை இதுவே. யேர்மனியில் 1970களில் கணக் கோட்பாடு தொடக்கப் பள்ளிக்குள் வந்தபோது, மூன்று மூன்றாகவும் நான்கு நான்காகவும் கட்டச் சொன்னார்கள். பெற்றோர் எதிர்த்தார்கள், ‘டெர் ஷ்பீகல்’ இதழ் 1974இல் அட்டைப்படக் கட்டுரையே போட்டது, அந்த முறை மறைந்தது. மூன்று மூன்றாகக் கட்ட வகுப்பறைக்கு வெளியே அந்தப் பிள்ளைக்குக் காரணம் எதுவும் இருக்கவில்லை. நெல்லிலக்கம் கற்ற பிள்ளைக்குக் களஞ்சியத்தில் காரணம் இருந்தது.

என் யோசனைக்கு வந்த மறுப்புகளில் இரண்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். மொந்தெசோரி அட்டைகள் இதைச் செய்கின்றனவே என்கிறார்கள். 300 அட்டையின் மேல் 5 அட்டையை வைத்தால் 305 தெரியும். நல்ல கருவிதான். ஆனால் அங்கே சுழியங்கள் முன்பே அச்சாகி, மேலட்டையின் கீழ் ஒளிந்துகொள்கின்றன. அவை எதற்காக அங்கே வந்தன என்ற கேள்வி பிள்ளைக்கு எழுவதில்லை. அடுத்த மறுப்பு, இரண்டு மொழி சுமக்கும் பிள்ளைக்கு மேலும் இரண்டு குறிகள் சுமையாகுமே என்பது. இப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வடிவங்களை அலங்காரத்துக்காகக் கற்பிக்கிறோமே, அதை நிறுத்திவிட்டால் சுமை குறையும். ஏற்கனவே கற்பிப்பவற்றில் மற்றவற்றை விட்டு இரண்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

கடைசியாக, சுவடி அறிந்த நண்பர்களோடு எனக்குள்ள ஒரு வழக்கு. மரபில் பதினொன்று என்பது ௰௧. பத்துக்கு முன்னால் ௧ இடுவதில்லை. வகுப்பறையில் 1௰1 என்று எழுதவேண்டும் என்கிறேன். மரபுப்படி எழுதிக் குறியை அழித்தால் 1 மட்டுமே மிஞ்சும். பதினொன்று காணாமல் போகும். இரண்டு பத்துக்கு 2௰ என்று எழுதிய பிள்ளை, ஒரு பத்துக்கு 1௰ எழுதுவதே அதன் அறிவுக்கு ஒழுங்கு. நூறுக்கும் அப்படியே 1௱. மரபைத் திருத்த நமக்கு உரிமை உண்டா என்று கேட்கிறார்கள். ஓலைக்கு எழுதும்போது ௰௧ என்றே எழுதுவோம். சுவடிப் பதிப்பில் ஒரு குறியையும் நான் மாற்றமாட்டேன். ஆனால் ஏழு வயதுப் பிள்ளையின் பயிற்சிக் கொப்பி சுவடிப் பதிப்பு அல்ல. பிற்பகல் இரண்டாம் அமர்வில் இதற்கு எதிரான கட்டுரை ஒன்று படிக்கப்படவிருக்கிறது. அதை எழுதியவர் முன்வரிசையில்தான் இருக்கிறார். பத்தொன்பதை எழுதும்போது ௰க்கு முன் ஒன்று வேண்டாம் என்றால், குறியை அழித்த பிறகு அந்த ஒன்று எங்கிருந்து வரும் என்பதற்கு அவர் பதில் தரவேண்டும் என்று அன்போடு கேட்டு, முதல் அமர்வைத் தொடங்கிவைக்கிறேன்.