மகளிர் கல்லூரியும் மாணவியர் உறைவிடமும்

மைசூர் நகரின் பழைய கல்வி வரலாற்றைப் படிப்போர் ஒரு வழக்கத்தைக் காணத் தவறமாட்டார்கள். சிற்றூரிலிருந்து படிக்க வந்த ஏழை மாணவன் நகரில் ஏழு வீடுகளைத் தேடிக் கொள்வான். திங்களன்று ஒரு வீட்டில் உணவு, செவ்வாயன்று வேறொரு வீட்டில் உணவு என்று வாரம் கழியும். தமிழகத்தில் வாரச் சாப்பாடு என்று வழங்கப்பட்டதும் இதுவே. இரவில் சத்திரத்துத் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ படுத்துக்கொண்டு, தெருவிளக்கின் அடியில் பாடம் படித்துப் பட்டம் பெற்றவர்கள் பலர். இந்த வசதியும் பெரும்பாலும் மேல்சாதிச் சிறுவர்களுக்கே கிடைத்தது என்பதை மறைப்பதற்கில்லை. ஏனையோருக்கு மடங்களும் சமூகச் சங்கங்களின் விடுதிகளும் கை கொடுத்தன. மலைநாட்டுக் குப்பளியிலிருந்து வந்த குவெம்பு, மைசூர் இராமகிருஷ்ண ஆசிரமத்தில் தங்கிப் படித்தார். சுத்தூர் மடம் மாணவர்களுக்கு உணவும் உறைவிடமும் அளித்து வந்தது. அம்மடத்தின் கல்விப்பணியே 1954இல் ஜே.எஸ்.எஸ். மகாவித்யாபீடமாக வடிவம் பெற்றது.

இந்த வரலாற்றில் ஒரு பெண்ணைக் காண முடியாது. வாரத்துக்கு ஏழு வீடு தேடி ஒரு பெண் போக இயலாது. திண்ணையில் படுக்கவும் இயலாது. ஆண்மகன் விடுதியின்றியும் எப்படியோ படித்துவிடலாம். பெண்ணுக்கு அந்த 'எப்படியோ' இல்லை. ஆகவே மாணவர் விடுதி ஒரு வசதி என்றால், மாணவியர் விடுதி கல்விக்கே முன்நிபந்தனை. கல்லூரியில் இடம் தந்துவிட்டு ஊரில் இடம் தராவிட்டால், தந்தது பாதி இடமே.

பெண் கல்விக்கு வழி வகுத்தவர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தார்கள். இங்கிலாந்தில் 1871ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜ் நகரில் ஐந்து மாணவியர் தங்குவதற்காக ஒரு வீடு வாடகைக்கு எடுக்கப்பட்டது. விரிவுரைகளைக் கேட்க வரும் பெண்களுக்கு இருக்க இடம் வேண்டும் என்பதே அப்போதைய நோக்கம். அந்த வீட்டை நடத்தியவர் ஆன் ஜெமிமா கிளஃப் அம்மையார். நியூன்ஹாம் கல்லூரி அவ்வாறு பிறந்தது. அங்கே உறைவிடம்தான் கல்லூரியை ஈன்றது. சென்னையிலும் இதை ஒத்த நிகழ்ச்சி உண்டு. 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்புலட்சுமி, இளம் விதவைகள் சிலரைத் தம் வீட்டில் வைத்துப் படிக்கச் செய்தார். பின்னர் அந்த இல்லம் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்னும் கட்டடத்துக்கு மாறியபோது, 1914இல் தொடங்கப்பட்டிருந்த ராணி மேரி கல்லூரி அருகிலேயே அமைந்தது. தங்குமிடமும் கல்லூரியும் நடந்து செல்லும் தொலைவில் இருந்தமையால், வீட்டு மூலையில் முடங்க வேண்டிய பெண்கள் ஆசிரியைகளாக வெளிவந்தார்கள்.

மைசூரில் 1881இல் அம்பில் நரசிம்ம ஐயங்காரின் முயற்சியால் பெண்களுக்கென ஒரு பள்ளி தோன்றியது. அரச குடும்பத்தின் ஆதரவுடன் மகாராணி பெயரைத் தாங்கி வளர்ந்து கல்லூரியாயிற்று. 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகம் அமைந்தது. 1963இல் தெரேசியன் கல்லூரி வந்தது. இன்று மைசூரு என்று வழங்கப்படும் இந்நகரில் மகளிர் கல்லூரிகள் பல. அவற்றுக்கு வரும் மாணவியர் அக்கிரகாரத்து வீடுகளிலிருந்து மட்டும் வருபவர்கள் அல்லர். ஹெக்கடதேவனகோட்டை, குண்டுலுப்பேட்டை, சாமராஜநகர், கொள்ளேகால் ஆகிய வட்டங்களிலிருந்தும் வருகிறார்கள். கொள்ளேகால் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பது தமிழ் வாசகர்க்கு நினைவிருக்கலாம். அப்பகுதிக் குடும்பங்கள் பலவற்றில் கல்லூரி வாயிலை மிதிக்கும் முதல் பெண் இப்போதுதான் புறப்படுகிறாள்.

அவளுக்கு முன் உள்ள வழிகள் எவை? தினமும் பேருந்தில் வந்து போவது முதலாவது. கர்நாடக அரசு 2023 ஜூன் 11 முதல் 'சக்தி' திட்டத்தின் கீழ் மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு அரசின் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பயணம் அளித்துள்ளது. நஞ்சன்கூடு போன்ற அருகிலுள்ள ஊர்களின் மாணவியருக்கு இது பெரும் பேறு. ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்துவிடலாம். விடுதிச் செலவும் மிச்சம். ஆனால் சாமராஜநகரோ 60 கிலோமீட்டர். ஊர்ப்புறத்துக் கிளைச் சாலையிலிருந்து புறப்படுபவளுக்குப் போக இரண்டு மணி, வர இரண்டு மணி ஆகிவிடும். வீடு திரும்பியதும் மாடு, அடுப்பு, தண்ணீர் என்று வேலைகள் காத்திருக்கும். கட்டணம் இல்லாமற் போகலாம். நேரத்தைத் திருப்பித் தர எந்தத் திட்டத்தாலும் முடியாது. பிற்பகல் செய்முறை வகுப்பு நீண்டால் கடைசிப் பேருந்து போய்விடும் என்ற அச்சத்தில், அறிவியல் பாடத்தை விட்டுக் கலைப் பாடத்தைத் தேர்ந்தெடுக்க நேர்வதும் உண்டு. எந்தப் பாடம் படிப்பது என்பதையே ஒரு பேருந்து அட்டவணை தீர்மானித்துவிடுகிறது.

இரண்டாவது வழி உறவினர் வீடு. இது செலவற்றது என்று பெற்றோர் எண்ணுவர். அத்தை வீட்டில் தங்கும் பெண் விருந்தாளியும் அல்லள், வீட்டு மகளும் அல்லள். தேர்வுக்கு முதல் நாள் அந்த வீட்டில் விசேஷம் என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாவது, தனியார் நடத்தும் 'பேயிங் கெஸ்ட்' வீடுகள். கல்லூரி விடுதி நிரம்பிவிட்ட பிறகு மாணவி நாடுவது இவற்றையே. ஓர் அறையில் மூன்று அல்லது நான்கு கட்டில்கள், காலையும் இரவும் உணவு, முன்பணம் என்பது பொதுவான ஏற்பாடு. நன்றாக நடப்பவையும் உண்டு. எனினும் முன்பணம் எப்போது திரும்பும், விடுமுறை மாதத்துக்கு வாடகை உண்டா, தீ விபத்து நேர்ந்தால் மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி உண்டா என்ற கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பெறும் பெற்றோர் குறைவு. தமிழ்நாட்டில் மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் 2014இல் இயற்றப்பட்டு, பதிவும் உரிமமும் கட்டாயமாக்கப்பட்டன. வரிச்சுமையைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. ஒருவருக்கு மாதம் 20,000 ரூபாய்க்கு மிகாத கட்டணத்தில், தொடர்ந்து 90 நாள்களாவது தங்கும் ஏற்பாட்டுக்குச் சரக்கு, சேவை வரி இல்லை என்று 2024 ஜூனில் ஜி.எஸ்.டி. மன்றம் பரிந்துரைத்தது. வரியைக் காரணம் காட்டிக் கூடுதல் தொகை கேட்கப்படும்போது மாணவியர் இதை அறிந்திருப்பது நன்று.

அரசு விடுதிகளை இனிப் பார்க்கலாம். சமூக நலத் துறையும் பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையும் நடத்தும் விடுதிகள் இல்லையேல் கர்நாடகத்துச் சிற்றூர்ப் பெண்கள் பலர் பட்டப்படிப்பை எண்ணிப் பார்த்திருக்கவே முடியாது. உதவித்தொகையும் உண்டு. ஆனால் அதன் அளவைப் பார்க்க வேண்டும். பட்டியல் சாதி மாணவருக்கான மத்திய அரசின் மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைத் திட்டம் 2021இல் திருத்தப்பட்டபோது, சாதாரணப் பட்டப்படிப்பு பயில்வோரில் விடுதியில் தங்குவோருக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாயும், மற்றவருக்கு 3,000 ரூபாயும் வைக்கப்பட்டன. பத்து மாதங்களுக்குப் பகிர்ந்தால் விடுதி மாணவிக்கு மாதம் 600 ரூபாய். தனியார் விடுதியில் ஒரு வாரத்துக்கும் இது போதாது. ஆகவே உதவித்தொகை பெறுகிறாள் என்பதால் அவள் தங்குமிடப் பிரச்சினை தீர்ந்தது என்று கோப்பில் குறிப்பது தவறாகும்.

சிறிய மகளிர் கல்லூரி தன் விடுதியை நடத்துவதில் உள்ள இடர்ப்பாடு வேறு. கட்டடத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு 1995 முதல் கல்லூரி மாணவியர் விடுதிகளுக்கென்றே தனித் திட்டம் வகுத்து உதவியது. கட்டடம் எழுந்த பின்னர் ஆண்டுதோறும் வரும் செலவுக்கு அத்தகைய உதவி இல்லை. காப்பாளர், சமையற்காரர், உதவியாள், இரவுக் காவலர் ஆகியோர் 40 மாணவியர் இருந்தாலும் வேண்டும், 100 பேர் இருந்தாலும் வேண்டும். உதாரணமாக, இவர்களின் சம்பளம் மாதம் 80,000 ரூபாய் என்று கொண்டால், 40 பேரில் தலைக்கு 2,000. 100 பேரில் 800. அரிசி, பருப்பு வாங்குமுன்பே சிறிய விடுதியின் மாணவி 1,200 ரூபாய் அதிகம் தர வேண்டியதாகிறது. இதனால் கல்லூரி கட்டணத்தை உயர்த்துகிறது; ஏழை மாணவி விலகுகிறாள்; எண்ணிக்கை மேலும் குறைகிறது. அருகருகே உள்ள இரண்டு மூன்று சிறு கல்லூரிகள் கூட்டாக ஒரு விடுதியை நடத்தினால் இச்சுழல் நிற்கும். தத்தம் பெயர்ப்பலகையை விட்டுக்கொடுக்க நிர்வாகங்கள் முன்வருவதுதான் கடினம்.

உணவைப் பற்றிச் சொல்லாமல் விடுதியைப் பற்றிப் பேச முடியாது. வர்ஜீனியா உல்ஃப் 1928இல் கேம்பிரிட்ஜ் மகளிர் கல்லூரிகளில் பேசியவற்றை வைத்து எழுதிய நூலில், ஆண்கள் கல்லூரியின் விருந்தையும் பெண்கள் கல்லூரியின் எளிய இரவுணவையும் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினார்; சோற்றுக்கும் சிந்தனைக்கும் உள்ள தொடர்பை அவர் விளையாட்டாகக் கூறவில்லை. நம் விடுதிகளில் மாதச் செலவை உண்டவர் எண்ணிக்கையால் வகுத்துப் பங்கிடும் முறை நெடுங்காலமாக உண்டு. மாணவியரே முறை வைத்துச் சந்தைக்குச் சென்று, கணக்கெழுதி, அதைச் சுவரில் ஒட்டினால் செலவு குறைகிறது, முணுமுணுப்பும் குறைகிறது. காய்கறி விலையும் ரசீதும் இருப்புப் பதிவேடும் கைவரப் பெற்ற பெண், பின்னாளில் கூட்டுறவுச் சங்கத்திலோ ஊராட்சியிலோ அமர்ந்தால் எவரும் அவளிடம் பொய்க்கணக்குக் காட்ட இயலாது.

இனி வாயிற்கதவு. 2021 ஆகஸ்டில் சாமுண்டி மலையடிவாரத்தில் ஒரு மாணவி கூட்டு வன்முறைக்கு ஆளான கொடுமை நாட்டையே உலுக்கியது. அதை அடுத்து, மாலை 6.30 மணிக்குப் பின் மாணவியர் மானசகங்கோத்ரி வளாகத்தில் தனியே நடமாடக் கூடாதென்று பல்கலைக்கழகம் சுற்றறிக்கை விடுத்தது; எதிர்ப்பு எழவே அது திரும்பப் பெறப்பட்டது. பெற்றோரின் அச்சம் பொய்யன்று. 'பத்திரமாகப் பூட்டி வைப்பார்கள்' என்ற நம்பிக்கையில்தான் சிற்றூர்த் தந்தை மகளை விடுதியில் விட்டுச் செல்கிறார் என்பதையும் காப்பாளர்கள் அறிவார்கள். ஆயினும் நூலகம் இரவு வரை திறந்திருக்க, விடுதிக் கதவு அந்தியில் மூடப்படுமானால், அந்த நூலகம் ஆண்களுக்கு மட்டும் கட்டப்பட்டதாகிவிடும். கோழிக்கோடு அருகே ஒரு கல்லூரி விடுதியில் மாலையில் கைப்பேசியைப் பயன்படுத்தத் தடை விதிக்கப்பட்டு, உடன்படாத மாணவி வெளியேற்றப்பட்டபோது, கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் அவளை மீண்டும் சேர்க்க ஆணையிட்டது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையையும் அந்தரங்க உரிமையையும் சார்ந்தது என்றும் கூறியது. தெருவிளக்கு, கடைசிப் பேருந்து, வாயிலில் ஒரு பெண் காவலர், திரும்பும் நேரம் எழுதும் பதிவேடு ஆகியவற்றுக்குச் செலவாகும். பூட்டுக்குச் செலவில்லை, அதனால்தான் பூட்டு முதலில் நினைவுக்கு வருகிறது.

அலுவலர்கள் கவனிக்க வேண்டிய ஒரு நுட்பமான இடைவெளியும் உண்டு. அரசு விடுதிக்கு விண்ணப்பிக்கக் கல்லூரியில் சேர்ந்த சான்று வேண்டும். ஆகவே கல்லூரி திறந்து, விண்ணப்பம் பெற்று, பட்டியல் தயாராகி, கட்டில் ஒதுக்கப்படும் வரை வாரங்கள் கழிகின்றன. சேர்க்கைக் கட்டணம் கட்டிய பெண் அவ்வாரங்களில் எங்கே தங்குவாள்? சில நாள் பேருந்தில் வருவாள். சில நாள் வராமல் இருப்பாள். பிறகு ஊரில் திருமணப் பேச்சு தொடங்கும். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'தொடரவில்லை' என்று எழுதப்படும். இதைத் தடுக்கப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. கல்லூரி விடுதியின் கூடத்தில் பத்துப் பாய்களை விரித்து, முதல் இரண்டு மாதங்களுக்குத் தற்காலிகமாகத் தங்க அனுமதித்து, உணவுச் செலவை மட்டும் பெற்றுக்கொள்ளலாம். சேர்க்கை விண்ணப்பத்தில் மதிப்பெண் கேட்கும் கட்டத்துக்கு அடுத்து, 'எங்கே தங்குவாய்?' என்று ஒரு வரி சேர்த்தால் அந்தப் பத்துப் பேர் யார் என்பதும் ஜூன் மாதத்திலேயே தெரிந்துவிடும்.