கூலியும் பங்கும்



வெள்ளிவிழாக் காணும் நம் சங்க மேடையில் கல்வியைப் பற்றிப் பேசுவதே என் வழக்கம். இன்று பொருளைப் பற்றிச் சில கூற விழைகிறேன். அண்ணல் அம்பேத்கர் 1923-இல் ரூபாயின் சிக்கலைப் பற்றி நூல் எழுதியவர். ஆகவே இது நமக்குப் புறம்பானதன்று.

என் தந்தையார் தோல் ஆலையின் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோலைப் பதப்படுத்தியவை நம் கைகள். நாம் பெற்றது கூலி. இலாபம் உடைமையாளருக்குச் சென்றது. இன்று நம் பிள்ளைகள் சிலர் கணினி நிறுவனங்களில் பணியாற்றுகின்றனர். அங்கும் சம்பளத்தோடு நிற்கத்தான் வேண்டுமா? ஒரு பங்கு வாங்கினாலும், அந்த அளவிற்கு நாமும் உடைமையாளரே.

எதைத் தேர்வது? இன்ஃபோசிஸ் நிறுவனம் 1993-இல் 95 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டபோது போதிய விண்ணப்பங்கள் வரவில்லை. வாங்கிப் பொறுமை காத்தோர் பெரும் பயனடைந்தனர். ஆயினும் பெரும் பெயர் மட்டும் காப்பாகாது. கைப்பேசியில் உலகின் முதலிடம் வகித்த நோக்கியா, தொடுதிரைக் காலத்தில் சரிந்தது. அதன் திருப்பெரும்புதூர்த் தொழிற்சாலையும் 2014 நவம்பரில் நின்றுபோயிற்று. சத்யம் நிறுவனத்தின் கணக்கு பொய்யென 2009 சனவரியில் அதன் தலைவரே ஒப்புக்கொண்டார்.

ஆகவே நான்கு வினாக்களைக் கேளுங்கள். வாடிக்கையாளர் அதனை எளிதில் விட்டு விலக இயலுமா? கடன் மிகுதியா? ஏட்டிலுள்ள இலாபம் பணமாகக் கைக்கு வருகிறதா? ஒரே நாட்டை நம்பியுள்ளதா? 1990-ஐ ஒட்டிச் செருமனி, பென்டாகுளோரோபீனால் கலந்த தோலை மறுத்தபோது நம் வட்டாரம் பட்ட பாட்டை முதியோர் அறிவர்.

இவ்வளவு ஆராய்ந்தும் தவறலாம். ஒரே நிறுவனத்தில் அனைத்தையும் இடாதீர். டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ், எச்.சி.எல். ஆகியவற்றோடு பிற துறை நிறுவனங்களும் அடங்கிய நிஃப்டி 50 குறியீட்டு நிதியில் மாதந்தோறும் சிறுதொகை இடுவது புதியவர்க்கு ஏற்றது. அதிலும் ஏற்ற இறக்கம் உண்டு. பத்தாண்டு பொறுக்க இயலாத பணத்தை இடாதீர். பிள்ளையின் கல்விப் பணத்தைத் தொடாதீர். கடன் வாங்கிப் பங்கு வாங்காதீர். மாதந்தோறும் பெருவட்டி என்ற சொல்லை நம்பி வேலூர் வட்டார மக்கள் 2022-இல் இழந்ததை மறவாதீர்.

தந்தையார் எனக்கு விட்டுச் சென்றது படிப்பு ஒன்றே. நீங்கள் உங்கள் மக்களுக்குப் படிப்போடு ஒரு பங்கையும் விட்டுச் செல்லுங்கள்.