சங்கத்தை ஆள்வது யார்?

மூதூரிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் வந்திருக்கும் கூட்டுறவுச் சங்க அங்கத்தவர்களே!

சங்கக்கடைக் கணக்கில் குறை. கேட்ட அங்கத்தவருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் பிணக்கு. எங்கே போவது? மாவட்ட நீதிமன்றத்துக்கா? இல்லை. 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 58ஆம் பிரிவு, பதிவாளரிடம் போ என்கிறது. அவர் தாமே தீர்க்கலாம், நடுவரிடமும் விடலாம். நடுவரின் தீர்ப்பு பிழையென்றால் மேன்முறையீடு யாருக்கு? அதே பதிவாளருக்கு! அவர் சொன்னதே முடிவு. சிவில் நீதிமன்றம் அதைக் கேள்வி கேட்க முடியாது.

சங்கத்தைப் பதிபவர் அவர். கணக்காய்வும் அவர் பொறுப்பு. விசாரணை வைத்து நிர்வாகக் குழுவைக் கலைத்து வேறு ஆளை அமர்த்தக்கூடியவரும் அவரே. அவர் அமர்த்திய ஆளோடு நமக்குப் பிணக்கென்றால், நீதி கேட்டு அவர் வாசலிலேயே நிற்க வேண்டுமா? நேர்மையான அலுவலர்கள் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. இத்தனை அதிகாரத்தையும் ஒரே கதிரையில் குவித்த சட்டத்தின்மேல்தான் கோபம்.

1970களின் தொடக்கத்தில் சிறு சங்கங்களை இணைத்துப் பெரிய பலநோக்குச் சங்கங்களாக்கினார்கள். அங்கத்தவரின் வாக்கைவிட அமைச்சரின் நியமனம் பெரிதானது அப்போதுதான். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் கூட்டுறவை மாகாணத்துக்குத் தந்தது. நல்லது. ஆனால் இப்போது பதிவாளராக இருக்கும் மாகாணக் கூட்டுறவு ஆணையாளரைக் கேள்வி கேட்க வேண்டிய கிழக்கு மாகாண சபை 2017 செப்டெம்பரில் கலைந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் இல்லை. கேட்க யார் இருக்கிறார்கள்?

மாகாண மேல் நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம் என்பார்கள். உண்மைதான், அந்த வாசலை அடைக்க விடவே கூடாது. ஆனால் ஆணையாளர் சட்டத்தை மீறினாரா என்றுதான் அங்கே பார்ப்பார்கள். காசு எங்கே போனது என்று பேரேட்டைப் புரட்டமாட்டார்கள். விடியற்காலையில் கடலுக்குப் போகிறவர், வலையைக் கரையில் போட்டுவிட்டுத் தவணைக்குத் தவணை சட்டத்தரணியின் பின்னால் நடக்க முடியுமா?

ஆகவே கேட்கிறோம்: பிணக்குகளை விசாரிக்க, திணைக்களத்துக்கு வெளியே, நீதிபதி தலைமையில் தனி நியாயசபை வேண்டும். குழுவைக் கலைத்தால் மூன்று மாதத்துக்குள் பொதுச்சபை கூடிப் புதிய குழுவைத் தெரிவுசெய்ய வேண்டும். கணக்காய்வு அறிக்கை சங்கக்கடைச் சுவரில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டப்பட வேண்டும்.

ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்! மனு மேடையின் இடப்பக்கம் இருக்கிறது. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாமார் தயங்க வேண்டாம்; உங்கள் கைநாட்டும் செல்லும்.