பசி காட்டிய தெரு

அந்நிய நகரில் ஓர் அறை கிடைத்ததும் குடியேறிவிட்டதாக நினைக்கிறோம். 1888இல் லண்டன் சென்ற காந்திக்கு அது போதவில்லை. முதலில் தங்கிய ஹோட்டலின் மூன்று பவுன் கட்டணமே அவரைத் திடுக்கிட வைத்தது. பின்பு குடியிருந்த வீட்டுக்கார அம்மாளுக்குச் சைவம் சமைக்கத் தெரியவில்லை. அவர் மகள்கள் கூடுதலாக ஓரிரு ரொட்டித் துண்டுகள் தருவார்கள். முழு ரொட்டியும் போதாத வயது, கேட்கவோ கூச்சம்! (நம் பிள்ளைகள் மட்டும் என்னவாம்?) இறைச்சி தொடுவதில்லை என்று தாயாருக்குக் கொடுத்த வாக்கு வேறு.

நகரில் சைவக் கடைகள் உண்டென்று அந்த அம்மாள் சொல்ல, தினமும் பத்துப் பன்னிரண்டு மைல் நடந்து தேடினார். ஒருநாள் ஃபாரிங்டன் தெருவில் ஒன்று கண்ணில் பட்டது. வாசலில் சைவ உணவு பற்றிய ஹென்றி சால்ட்டின் நூலை ஒரு ஷில்லிங்குக்கு வாங்கிக்கொண்டு நேரே உள்ளே போனார். இங்கிலாந்து வந்தபின் அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டார்.